இடக்கை முறுக்கு

அத்தியாயம் பதினான்கு

'கோச்சி இரண்டு பாதையிலும் ஓடட்டும், அதற்குப் பிறகு சொல்கிறேன்' என்று இராசமலர் சொன்ன வார்த்தை, அந்த வாரத்துக்குள் உரும்பிராய் வரைக்கும் போய்விட்டது.

அவள் அதைத் தவணையாகத்தான் சொன்னாள். அவளுடைய கணவன் செல்வரட்ணம் தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில், கொழும்புக்குப் போன கடைசி றெயில் கோச்சிகளில் ஒன்றில் ஏறியவன். அவன் இறங்கியதைக் கண்டவர் இல்லை. பிறகு சண்டை தொடங்கியது, கோச்சியும் இல்லை. செஞ்சிலுவைக்காரரிடம் பதிந்தும் பதில் வரவில்லை. இரண்டு வருடமாக அந்தச் சாவகச்சேரி வீட்டில் மனைவியும் தாய் இரத்தினம்மாவும் அவனை இருக்கிறான் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் காலம் கழித்தார்கள்.

இனிக் கழிக்க முடியாது. செல்வரட்ணத்தின் தமையன் பஞ்சலிங்கத்தின் மகள் குணலட்சுமிக்கு நல்லூரில் சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் மீனாம்பிகை சீதனப் பேச்சில் வாயே திறக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள். பெண்ணின் சித்தப்பா இறந்திருந்தால் அந்தியேட்டிக் கிரியை செய்து சாவுத் துடக்கைக் கழித்துவிடுங்கள். இருக்கிறார் என்றால் சித்தி பொட்டும் தாலியுமாக முன்னுக்கு நின்று ஆரத்தி எடுக்கட்டும். இரண்டில் எதுவென்று தெரியாத வீட்டில் எப்படிக் கல்யாணக் கன்னிக்கால் நாட்டுவது?

அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்லவேண்டும். மீனாம்பிகை மத்தியானத்துக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இராசமலர் காலையிலேயே முன்னறை மேசையின் கீழே மல்லாந்து படுத்திருந்தாள்.

மேசை என்றால், இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துக் கட்டைகளின்மேல் கிடத்தியது. றெயில்வே சிக்னல் பகுதியில் வேலை பார்த்த செல்வரட்ணம், கப்பலில் போகும் சிநேகிதன் லியோன் கொண்டுவந்து கொடுத்த சின்னத் தண்டவாளங்களை வைத்து, சாவகச்சேரி ஸ்ரேசனையே அதில் இறக்கியிருந்தான். மேசையைச் சுற்றிவந்து மேடையடியால் போகும் ஒரு நேர்ப்பாதை. எதிர்க்கோச்சிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க ஒரு பக்கப்பாதை. இரண்டும் பிரியும் முனையிலும் சேரும் முனையிலும் அசையும் தண்டவாள நாக்குகள். அவற்றை றெயில்வேக்காரர் பொயின்ற்ஸ் என்பார்கள். நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கோச்சி போகும். இந்த மேசையில் மின்சாரமும் அந்தப் பக்கத்துக்குத்தான் போகும்; மற்றப் பாதை செத்துக் கிடக்கும்.

அவன் போனபோது பொயின்ற்ஸ் இரண்டுக்கும் வயர் இழுத்து முடிந்திருக்கவில்லை. அப்போது வீட்டுக்குப் பின்னால் நிஜப் பாதை இருந்தது. இப்போது தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. கல்மேட்டில் ஆடு மேய்கிறது.

தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகையின் முன்னால் ஒன்பது வருடம் இருந்தவள் இராசமலர். வயர் அவளுக்குப் புதிதல்ல. ஊரில் மின்சாரம் இல்லாததால், இரட்டைக்கால் ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தாள். பெடலைக் கையால் சுற்றினால் கோச்சி ஊரும். பழைய றேடியோவிலிருந்து கழற்றிய கொண்டென்சரும் நிறையும். பொத்தானை அமுக்கினால் கொண்டென்சரில் நிறைந்தது அவ்வளவும் ஒரே அடியாகப் பலகையின் கீழுள்ள கம்பிச்சுருளில் பாயும். நாக்கு 'டக்' என்று மறுபக்கம் சாயும்.

அப்படித்தான் நடக்கவேண்டும். ஆனால் இந்த வாரம் முழுவதும் ஏதோவொரு வயர் அறுந்துகொண்டே இருந்தது. எலி என்று நினைத்தாள். நேற்று மாலை இரண்டாவது பொயின்ற்ஸுக்குப் போகும் சிவப்பு வயர் விட்டுக் கிடந்தது. அலுத்துப்போய் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனாள்.

யன்னல் வெயிலை முகம் பார்க்கும் கண்ணாடியால் பலகையின் அடிக்குத் திருப்பினாள். சிவப்பு வயர் பொருத்தப்பட்டிருந்தது.

மருந்துப் பிளாஸ்ரரை உரித்துப் பார்த்தாள். செம்புக் கம்பிகள் இரண்டும் இறுக்கமாகப் பின்னியிருந்தன. முறுக்கு இடப்பக்கமாக ஓடியது.

வலக்கைக்காரர் வயரை முறுக்கினால் அது ஒரு பக்கமாகப் போகும். இடக்கைக்காரர் முறுக்கினால் மறுபக்கமாகப் போகும். செல்வரட்ணம் இடக்கையன். இந்தப் பலகையின் அடியில் அவன் போட்ட முறுக்குகளை இராசமலர் மனப்பாடமாக அறிவாள். ஒரு பிளாஸ்ரரின் பசையில் அவனுடைய தலைமயிர் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதை மட்டும் அவள் இன்றுவரை உரிக்கவில்லை. கீழே படுத்தால் இடமும் வலமும் மாறிப்போகும், எனக்கு இந்த அடியில்தான் உலகம் சரியாக இருக்கிறது என்று அவன் சொல்லுவான்.

ஆனால் அவை பழைய முறுக்குகள். இந்தச் சிவப்பு வயர் போன கிழமை அவளே சந்தையில் வாங்கியது. செல்வரட்ணம் இதைக் கண்டதில்லை.

அவள் அசையாமல் படுத்திருந்தாள். மேலே, பலகையில், ஏதோ ஊர்ந்தது போலிருந்தது. பல்லியாக இருக்கலாம்.

"கோச்சி வந்திட்டுதோ? நான் ரிக்கெற் எடுக்காமல் வந்திட்டன்."

வாசலில் பஞ்சலிங்கம் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார். உரும்பிராயிலிருந்து கைதடி வெளிக் காற்றை எதிர்த்து உழக்கி வந்ததில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. ஹான்டிலில் ஒரு பிடி வெங்காயம் தொங்கியது. எந்தத் துக்கத்துக்கும் வெங்காயத்தோடு வருகிற மனிதர் அவர்.

இராசமலர் எழும்பிக் கேத்தில் வைத்தாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தபடி அவர் விசயத்தைச் சொன்னார். ஐயரோடு கதைத்தாகிவிட்டது. உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருச் செய்து கொள்ளி வைக்கலாம். கீரிமலைக்குப் போக இப்போது வழியில்லை; இங்கேயே கடற்கரையில் செய்யலாம். அவர் எல்லாவற்றையும் மண்வெட்டி பிடிக்கிற குரலில்தான் சொன்னார். கடைசியில் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"மலர், அவன் என்ரை தம்பி. அவனுக்குக் கொள்ளி வைக்க எனக்கு ஆசையே? ஆனா உள்ளதொண்டைச் சொல்லு. ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. என்ரை பெட்டைக்கு முப்பது வயசாகப் போகுது."

"முதல் கோச்சியை ஓட்டிப் பாப்பம், அத்தான்."

அவர் பெருமூச்சு விட்டுப் பெடலைப் பிடித்தார். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற கை, சில்லு இரைந்தது. மேடையடியில் நின்ற என்ஜின் நடுங்கிப் புறப்பட்டது. இராசமலர் முதல் பொத்தானை அமுக்கினாள். டக். என்ஜின் பக்கப்பாதைக்குள் நுழைந்தது. இரண்டாவதை அமுக்கினாள். சத்தமில்லை. மறுபடி அமுக்கினாள். என்ஜின் பக்கப்பாதையின் முனைவரைக்கும் வந்து, வெளியேற வழியில்லாமல் நின்றது.

"சிக்னல் விழேல்லைப் போல" என்றார் பஞ்சலிங்கம். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

இராசமலர் மறுபடி கீழே படுத்தாள். காலையில் அவள் கண்ட முறுக்கு அப்படியே இருந்தது. அதற்கு நாலு விரல்கடை தள்ளி, சிவப்பு வயர் புதிதாக அறுந்திருந்தது. அவள் தேத்தண்ணீர் போடப்போன நேரத்தில் நடந்திருக்கவேண்டும்.

எலி கடித்தால் இழை பிய்ந்திருக்கும். இது இரண்டு அலகுக்கு நடுவில் நசுங்கிய வெட்டு. நுனியில் மண்ணிறமாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் தொட்டு மணந்தாள்.

பாக்கு.

இரத்தினம்மா அடுப்படியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். மடியில் கொட்டைப்பெட்டி. அந்தச் சின்னப் பனையோலைப் பெட்டியின் வாயால் பாக்குவெட்டியின் பிடி வெளியே தெரிந்தது. இராசமலர் அறுந்த வயர்த்துண்டை அவள்முன் வைத்தாள்.

மாமி அதைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"ஓம். நான்தான்."

"ஏன் மாமி?"

"உன்ரை கோச்சி ஓடினால் நீ வாய் திறப்பாய். நீ வாய் திறந்தால் என்ரை பிள்ளைக்குக் கொள்ளி வைப்பினம்." இலையை உருவுகிற கை நிற்கவில்லை. "புல்லிலை பொம்மை செய்து செல்வமெண்டு பேர் வைச்சுக் கொளுத்துவினமாம். நான் பாத்துக்கொண்டு இருக்கவோ?"

இராசமலருக்குக் கோபம் வரவில்லை. அவளே ஏதோவொரு வயர் விட்டிருக்கக் கண்ட ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் ஆறுதலடைந்தவள்தான். இன்னொரு நாள் கிடைத்தது என்று நினைத்தவள்தான். அதை மாமிக்குச் சொல்லவில்லை. இன்னொன்றைத்தான் கேட்டாள்.

"வெட்டினது சரி. பிறகேன் திருப்பிக் கட்டினியள்?"

"ஆர் கட்டினது?"

"நீங்கள். நேற்றைக்கு வெட்டினதை."

இரத்தினம்மா முதன்முறையாக நிமிர்ந்தாள்.

"எனக்கு ஊசியிலை நூல் கோக்கவே கண் தெரியாது. நான் வயர் கட்டுறனோ? நான் வெட்ட வெட்ட நீயெல்லோ கட்டுறாய் எண்டு இருந்தன்."

அடுப்பில் ஈரவிறகு சீறியது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். இரத்தினம்மாவின் விரல்கள் வாதத்தில் மடங்கியவை. வலக்கையால்தான் இலை உருவிக்கொண்டிருந்தாள். இராசமலரின் வலக்கையில் வயர் உரித்த காயம் இருந்தது.

"முறுக்கு இடக்கை முறுக்கு, மாமி."

கிழவி முருங்கைக் காம்பை நிலத்தில் வைத்துவிட்டு, பின்வாசலைப் பார்த்தாள். கதவு கயிற்றுக்கொளுக்கியோடு சும்மா சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவைப் பூட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"இண்டைக்கு நான் கட்டமாட்டன்" என்று இராசமலர் மெதுவாகச் சொன்னாள். "நீங்களும் வெட்டவேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும்."

மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார் ஒன்று புகை கக்கிக்கொண்டு படலையடியில் வந்து நின்றபோது அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மீனாம்பிகை இறங்கினாள். மெலிந்த, அவசரமில்லாத மனுசி. முன்னறையில் கிடந்த கோச்சிப் பாதையை அவள் நெடுநேரம் பார்த்தாள். தன் தமையனும் இப்படித்தான், படகு செய்து செய்து வைப்பான் என்றாள். அந்தத் தமையன் இப்போது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒரு மனிதரைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றால் அதைத் தொடர்ந்து கேட்காமல் விடுவதுதான் மரியாதை.

பதில் தயாரில்லை என்று தெரிந்ததும் அவள் கோபிக்கவுமில்லை.

"உங்களாலை சொல்லேலாது, மகள். எனக்கு விளங்குது. பிள்ளையாரைக் கேப்பம். பூக்கட்டிப் பாப்பம்."

பஞ்சலிங்கம் உடனே சம்மதித்தார். இராசமலர் மாமியைப் பார்த்தாள். இரத்தினம்மா ஏற்கனவே சீலைத் தலைப்பை உதறிச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"பூவை நான்தான் எடுப்பன்" என்றாள்.

முன்கதவைப் பூட்டிச் சாவியைக் கொட்டைப்பெட்டிக்குள் போட்டாள். நால்வரும் காரில் ஏறினார்கள். வீட்டில் யாரும் இல்லை. மேசையின் கீழே வயரின் இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கின. மேசையின் மேலே என்ஜின் பக்கப்பாதையின் முனையில் நின்றது.

கோயிலில் ஐயர் ஒரு செவ்வரத்தம்பூவையும் ஒரு நந்தியாவட்டையையும் தனித்தனியே வாழையிலையில் மடித்து, ஒரே அளவாக நாரால் கட்டினார். சிவப்பு வந்தால் இருக்கிறான். வெள்ளை வந்தால் இல்லை. இரண்டையும் தட்டில் குலுக்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார்.

இரத்தினம்மா படியருகே போனாள். அவள் ஏன் தானே எடுக்க நின்றாள் என்று இராசமலருக்குத் தெரியும். பெற்ற கை பிழையாகத் தொடாது என்ற நம்பிக்கை. கண்ணை மூடவில்லை, தேவாரம் பாடவில்லை. நேரே கையை நீட்டி வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்து, நாரைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

நந்தியாவட்டை.

பஞ்சலிங்கம் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். தூரத்தில், ஆனையிறவுப் பக்கமாக, எறிகணைச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. இரத்தினம்மா பூவைக் கீழே போடவில்லை. இலையோடு சேர்த்து மடித்துக் கொட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். பாக்குவெட்டிக்குப் பக்கத்தில்.

கார் திரும்பும் வழியில் மீனாம்பிகை இராசமலரின் கையைப் பிடித்திருந்தாள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை, தலையை ஆட்டினால் போதும் என்று சொல்வதுபோல் இருந்தது அந்தப் பிடி. பஞ்சலிங்கம் முன்சீற்றிலிருந்து வெளியே பார்த்துக்கொண்டு, ஐயரிடம் எந்த நாளைச் சொல்வது என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றாள் இராசமலர்.

அப்போது அவள் மனதில் முடிவு இருந்தது. சாமி சொன்னால் மனிதர் எத்தனை நாளைக்கு மறுப்பது? கண்ணாடியின் முன்னால் நின்று பொட்டை அழிப்பதை அவள் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டாள்.

படலையடியில் கார் நின்றது. மற்ற இருவரும் இறங்காமல் இருந்தார்கள். இரத்தினம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். இராசமலர் முன்கதவைத் திறந்தாள்.

முதலில் கேட்டது ஒரு சின்ன உரசல். பிறகுதான் கண்டாள்.

ஸ்ராண்டில் நின்ற சைக்கிளின் பின்சில்லு சுற்றிக்கொண்டிருந்தது.

மெல்ல, இன்னும் மெல்ல. கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. டைனமோ அதன் ரயரில் அழுத்திக்கொண்டிருந்தது. டைனமோ உரசுகிற சில்லு, கையை எடுத்தபின் கனநேரம் சுற்றாது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவ்வளவுதான்.

சில்லு நின்றது.

என்ஜின் பக்கப்பாதையில் இல்லை. அது மேடையடியில், நேர்ப்பாதையில், வந்து சேர்ந்த கோச்சிபோல நின்றது. இரண்டாவது பொயின்ற்ஸின் நாக்கு சாய்ந்து வழிவிட்டிருந்தது.

இராசமலர் சீலை அழுக்காவதையும் பாராமல் பலகையின் கீழே போனாள். கண்ணாடி தேவைப்படவில்லை. இருட்டில் விரலால் தடவினாள். சிவப்பு வயர் பொருந்தியிருந்தது. பிளாஸ்ரர் கூடச் சுற்றவில்லை, அவ்வளவு அவசரம். வெறும் செம்பு விரலில் பட்டது. முறுக்கு இடப்பக்கமாக ஓடியது.

அவள் வெளியே வந்தபோது இரத்தினம்மா வாசற்படியில் நின்று என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியேற வழியில்லாமல் அது நின்ற இடத்தை அவளும் மத்தியானம் கண்டவள். இராசமலரைக் கடந்து நேரே அடுப்படிக்குப் போனாள். பின்கதவின் கொளுக்கி நிலையில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் கதவுக்குப் போகவில்லை. அடுப்பங்கரைக்குப் போனாள். சோற்றுப்பானையின் மூடியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை.

"மலர்." படலையடியிலிருந்து பஞ்சலிங்கம் கூப்பிட்டார். "ஐயருக்கு எந்த நாளெண்டு சொல்ல?"

அவள் வாசலுக்கு வந்தாள். காரின் யன்னலில் மீனாம்பிகையின் முகம் தெரிந்தது. நெற்றியில் வேர்வை வழிந்து பொட்டு கரைந்திருப்பதை இராசமலர் உணர்ந்தாள். புறங்கையால் துடைக்கப்போய், துடைக்காமல் நிறுத்தினாள்.

"ஐயரை வரச்சொல்ல வேண்டாம், அத்தான். குணலட்சுமிக்கு ஆரத்தி நான் எடுக்கிறன்."

பஞ்சலிங்கம் காரிலிருந்து பாதி இறங்கினார். "பிள்ளை, வெள்ளைப் பூவெல்லோ வந்தது?"

"ஓம்" என்றாள் இராசமலர். "நானும் பாத்தன்."

மீனாம்பிகை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எதையோ விலை கேட்காமல் வாங்கிக்கொள்வதுபோல, தலையை ஒருமுறை அசைத்தாள்.

உள்ளே, மத்தியானம் வடித்த சோற்றில் மிச்சத்தை மூடிவைத்த பானை வழித்துத் துடைத்தாற்போல் கிடந்தது. இரத்தினம்மா அடுப்பை மூட்டி மறுபடி உலை வைத்தாள். இரண்டு வருடமாக இரண்டு சுண்டு அரிசி போடுகிற கை. இரண்டு சுண்டு போட்டாள். சற்று நின்றாள்.

பின்கதவைத் திரும்பிப் பாராமலே, மூன்றாவது சுண்டையும் அளந்து போட்டாள்.